நீங்கள் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன், டாக்டரம்மா

மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

இந்த மடலில் உங்கள் பெயரை எழுதவில்லை. மருத்துவமனையின் பெயரும் ஊரின் பெயரும்கூட இல்லை. படித்ததும் உங்களுக்கு என்னைத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

என்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததே உங்கள் கைதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அடைமழை. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிய ராத்திரியில் அம்மாவை டிராக்டர் பெட்டியில் தார்ப்பாய் போர்த்திப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களாம். கரண்ட் இல்லை. நீங்கள் வீட்டிலிருந்து டார்ச் விளக்கோடு நனைந்துகொண்டே வந்து பிரசவம் பார்த்தீர்களாம். கொடி சுற்றியிருந்த பிள்ளையை நீங்கள் பிழைக்கவைத்த கதையை அப்பா இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார். எனக்கு நாள் தள்ளிப்போனபோது எந்த டாக்டரிடம் காட்டுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. அப்படி வந்தவள் நான். அதனால்தான் இந்தக் குறையை இத்தனை மாசமாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பத்தொன்பது வாரம் முடிந்து இரண்டு நாள். டோக்கன் 43. காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தேன், நீங்கள் கூப்பிட்டபோது மணி ஒன்றேகால். பிரஷர் பார்த்தாயிற்று, எடை பார்த்தாயிற்று. “பிவி பாக்கணும், ஏறிப் படும்மா” என்றீர்கள். பிவி என்றால் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும். தலை இறங்கிவிட்டதா, கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு மேல் அன்றைக்கு நான் வேறு எதற்கும் சம்மதம் சொல்லவில்லை.

முதலில் வழக்கமான கூச்சமும் எரிச்சலும்தான். பிறகு விரல் உள்ளே போய் ஓரிடத்தில் நின்று, சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அடிவயிற்றைப் பிடித்து முதுகெலும்பு வரை இழுத்த மாதிரி ஒரு வலி. “அம்மா” என்று கத்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “காலைத் தளர்த்தும்மா, இப்படி இறுக்கினா நான் எப்படிப் பாக்குறது” என்றீர்கள். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். கையுறையைக் கழற்றிக்கொண்டே சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னீர்கள், அவர் அட்டையில் எழுதிக்கொண்டார். என்னிடம், “வாய் நல்லா இளகியிருக்கு. வலி வந்தா வந்துரு, இல்லைன்னா அடுத்த செவ்வாய் வா” என்றீர்கள். நான் பாவாடை நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் 44 உள்ளே வந்துவிட்டது.

அன்று ராத்திரி ஒன்பதரைக்குக் கழிப்பறைக்குப் போனபோது ரத்தம். சளி கலந்த இளஞ்சிவப்பு முதலில், அப்புறம் நல்ல சிவப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை கடைசியாக எப்போது உதைத்தது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அம்மாவைக் கூப்பிடக் குரல் எழும்பவில்லை. தெருக்கோடி வீட்டு ஆட்டோவை எழுப்பி, பதினெட்டு கிலோமீட்டர், ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தேன். டியூட்டி சிஸ்டர் வயிற்றில் கருவியை வைத்து இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. “பிவி பாத்தா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போங்க” என்றார். அட்டை அவர் கையில்தான் இருந்தது. அதில் எழுதியிருந்ததை அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. விரலின் வலி அன்றைக்கே போய்விட்டது, டாக்டரம்மா. போகாதது வேறு.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே மாமியார் வந்தார். “எட்டாம் மாசம் வரைக்கும் ஸ்கூட்டி ஓட்டினியே, ஓட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே” என்றார். அத்தை வந்து, பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா, எள்ளுருண்டை தின்றாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் அடிபம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தது ஞாபகம் வந்துவிட்டது. தான் பார்த்துக்கொண்டே இருந்தும் தடுக்கவில்லையே என்று சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனில் அவருடைய பேச்சு குறைந்துபோனது. ரத்தம் வந்ததற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? உங்கள் மேஜையில் நடந்தது எங்கள் யாருக்கும் தெரியாததால், அந்தக் காரணத்தை எல்லோரும் என் உடம்பிலும் என் நடத்தையிலும் தேடினார்கள். நானும் தேடினேன். ஸ்கூட்டி ஓட்டிய ஒவ்வொரு நாளையும் படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன்.

வலி விட்டுவிட்டு வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு அரைமணி ஒன்றுமில்லை, பிறகு மூன்று சேர்ந்தாற்போல. அம்மாச்சி சீரகத்தை வறுத்துப் பனைவெல்லம் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்துக்கு அடங்கிவிடும், பிரசவ வலியாக இருந்தால் ஓங்கும் என்பது அவருடைய கணக்கு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படிப் பார்த்துச் சொன்னவர். என் வலி அடங்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை. மூன்று தடவை கஷாயம் வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் பிடிபடலையேடி” என்று என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலால் கிளப்பிவிட்ட வலி இப்படித்தான் சில நேரம் நின்று நின்று வரும் என்று ஒரு வார்த்தை எங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த எழுபத்துநாலு வயசுக் கிழவி தன் அனுபவத்தையே சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு ராத்திரியும் தூக்கமில்லை. வியாழக்கிழமை ராத்திரி வலி ஓங்கியது. லேபர் வார்டுக்கு வந்தபோது நிற்கக்கூட என்னிடம் தெம்பு இல்லை. ட்ரிப்ஸில் வலி ஊசி ஏறியது. தள்ளச் சொன்னபோது தள்ள முடியவில்லை. “ஒத்துழைக்க மாட்டேங்குது இந்தப் பொண்ணு, இப்படியே போனா ஆபரேஷன்தான்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரண்டு நாளாகத் தூங்காத உடம்பு அது என்று அவர்களுக்கு யார் சொல்லுவார்கள்? வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு மகள் பிறந்தாள். மூன்று கிலோ ஐம்பது கிராம், நல்ல குரல். உங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அந்த நன்றி இப்போதும் அப்படியே இருக்கிறது, இந்த மடல் அதைக் குறைக்கவில்லை.

மகளுக்கு ஐந்து மாசம் ஆனபோது, நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கும் என் சித்தி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய ஃபைலைப் புரட்டியவள், “அக்கா, உனக்கு ஸ்வீப் பண்ணினாங்களா?” என்று கேட்டாள். என்ன ஸ்வீப் என்றேன். அட்டையைக் காட்டினாள். பிவி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எஸ் அண்டு எஸ் டன் (ஸ்ட்ரெட்ச் அண்டு ஸ்வீப் செய்தாயிற்று) என்று இருந்தது. ஐந்து மாசமாக என் பீரோவில் இருந்த அட்டை. என் உடம்புக்குள் நடந்ததை என்னைத் தவிர அட்டையைப் பார்த்த எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

அவள்தான் பாடப் புத்தகத்தைப் பிரித்துவைத்து விளக்கினாள். குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடப் பை, கருப்பையின் கீழ்ப்பகுதியில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். கருப்பை வாய் ஒரு விரல் நுழையும் அளவு இளகியிருந்தால், விரலை உள்ளே விட்டு வட்டமாகச் சுழற்றி அந்தப் பையைச் சுவரிலிருந்து பிரித்துவிடலாம். பிரியும்போது அந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும். கருப்பை வாயை மேலும் இளக்குவதும் வலியைத் தொடங்கிவைப்பதும் அதுதான். ‘ஜெல் வைக்கிறது’ என்று வார்டில் சொல்கிறார்களே, அந்த மருந்தும் இதே வகைப் பொருள்தான். ஸ்வீப்பில் உடம்பே அதைச் சுரந்துகொள்கிறது. எடின்பரோவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1810-லேயே இந்த முறையைச் சொல்லியிருக்கிறார். நஞ்சு கீழே இறங்கியிருந்தால் செய்யக்கூடாது. என் ஸ்கேனில் நஞ்சு மேலேதான் இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் செய்திருப்பீர்கள். உங்கள் கைத்திறமையில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

மகளுக்குத் தடுப்பூசி போட வந்த அன்று தயங்கித் தயங்கி உங்களிடமே கேட்டேன். நினைவிருக்கும். “அன்னிக்கு ஸ்வீப் பண்ணினதை என்கிட்ட சொல்லலையே, டாக்டர்” என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே மகளின் கன்னத்தைத் தட்டினீர்கள். “நல்லதுக்குத்தானே பண்ணேன். குழந்தை ஜம்முன்னு இருக்கால்ல, அப்புறம் என்ன? சொன்னா நீ பயந்திருப்ப” என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் சிஸ்டர் நின்றிருந்தார், வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வாயில் வராததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நல்லது என்பதை நான் மறுக்கவே இல்லை. சித்தி மகளும் நானும் தேடித் தேடிப் படித்தோம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட பரிந்துரையில், மருந்து கொடுத்து வலி வரவழைக்கும் தேவையைக் குறைக்க ஸ்வீப்பைச் செய்யலாம் என்றே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 44 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பெண்களின் விவரத்தோடு, சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஸ்வீப் செய்யாதவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குத் தானாக வலி வந்தது என்றால், செய்தவர்களில் 72 பேருக்கு வந்திருக்கிறது. சான்றின் உறுதி குறைவுதான் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சிசேரியன் குறைந்ததா என்று பார்த்தால், தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ஏனென்றால் எங்கள் ஊரில் எந்தக் கர்ப்பிணியைக் கேட்டாலும் அவளுடைய முதல் பயம் கத்திதான். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. அது பெருமைப்பட வேண்டிய எண். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்த எண் தெரியாவிட்டாலும் இதன் பயம் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ‘ஆபரேஷன் இல்லாம ஆகணும்னா இதைச் செய்யணும்’ என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளக் காத்திருக்கிற கூட்டம் நாங்கள். அப்படிப்பட்டவர்களிடம் கேட்காமல் செய்யவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது, டாக்டரம்மா?

இன்னோர் ஆய்வு என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது. நெதர்லாந்தில் நடந்து 2006-இல் வெளியானது. நாற்பத்தொரு வாரம் ஆன 742 பெண்கள். ஒரு பாதிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்வீப் செய்தார்கள், மறுபாதிக்குச் செய்யவில்லை. செய்யாதவர்களில் நூற்றுக்கு 41 பேர் நாற்பத்திரண்டு வாரத்தைத் தாண்டினார்கள், செய்தவர்களில் 23 பேர்தான். வலித்ததா என்றும் கேட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வலிக்கவில்லை என்றார்கள். பாதிப் பேர் ஓரளவு வலித்தது என்றார்கள். நூற்றுக்கு 17 பேர் நன்றாகவே வலித்தது என்றார்கள். அப்படியிருந்தும் நூற்றுக்கு 88 பேர் அடுத்த பிரசவத்திலும் இதையே கேட்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 88 பேரில் ஒருத்தியாக நானும் இருந்திருப்பேன். நாள் தாண்டுமோ, ஜெல் வைப்பார்களோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு இது இன்னது, இப்படி வலிக்கும், இதற்குப் பிறகு இப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்துதான் படுத்தார்கள். ராத்திரி ரத்தம் பட்டால், ‘சொன்னார்களே, அதுதான் இது’ என்று அவர்களால் நினைக்க முடிந்திருக்கும். யாரும் அவர்களிடம் பப்பாளி தின்றாயா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சொன்னால் பயப்படுவாள் என்றீர்கள். சொல்லாததால் நான் பட்ட பயத்தை மேலே எழுதிவிட்டேன். உள்ளே பார்க்கத்தான் ஒப்புக்கொண்டாயே, அதோடு சேர்ந்ததுதானே என்று நீங்கள் சொல்லக்கூடும். சேர்ந்தது இல்லை. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோபி வைத்துப் பார்க்க வந்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோதே கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது, காத்திருந்தால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற நிலை இல்லாதவரை நோயாளியிடம் கேட்டே ஆக வேண்டும் என்றது தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததும் எனக்கு நேர்ந்ததும் ஒரே அளவு என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பார்ப்பது ஒன்று, செய்வது இன்னொன்று என்ற கோடு இரண்டுக்கும் ஒரே கோடுதான். நான் வழக்குக்கு வரவில்லை, வரவும் மாட்டேன். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலிலும் விவரம் அறியும் உரிமை, சம்மதம் கேட்கப்படும் உரிமை இரண்டும் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பது உண்மை. நானே 43-வது டோக்கன். ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், முப்பத்தொன்பது வாரத்துக்குப் பிறகு பார்க்க வரும் பெண்ணிடம் ஸ்வீப் பற்றிப் பேசச் சொல்கிறது. வலியும் அசௌகரியமும் ரத்தக் கசிவும் வரலாம் என்று விளக்கச் சொல்கிறது. அவள் விரும்பினால் வாய்மொழிச் சம்மதம் வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறது. படிவம் கூட வேண்டாம், அவள் வாயிலிருந்து வருகிற ஒரு ‘சரி’ போதும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவு. நடவு நேரத்தில் எங்களுக்கும் வரிசை வாசல்வரை நிற்கும். வயசான அம்மாக்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைப்பார்கள். எங்கள் மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் உரசுவதற்கு முன்னால், “உரசிப் பாக்கப் போறேன் ஆத்தா, இம்மியளவு தேயும்” என்று சொல்லாமல் உரசமாட்டார். உரசித்தான் ஆகவேண்டும், உரசாமல் கடன் கிடையாது, அந்த அம்மாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் சொல்லுவார். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் பத்திரத்தை நான் வாசித்துக் காட்டுவேன். வட்டி எவ்வளவு, தவணை எப்போது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி, ‘படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கைரேகை வைத்தார்’ என்று எழுதிய பிறகுதான் ரேகை. ஏலத்துக்குப் போகுமுன் பதிவுத் தபாலில் அறிவிப்பு. இதெல்லாம் ஒரு சங்கிலிக்கு. ஆறு வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறவள், என் உடம்பு விஷயத்தில் எனக்கு வாசித்துக் காட்டப்படவே இல்லை என்று தெரிந்த நாளில், வேலைக்குப் போய்ப் பத்திரத்தைக் கையில் எடுத்துவிட்டு வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நானும் கேட்டிருக்கலாம். “என்ன பண்றீங்க டாக்டர்” என்று கத்தும்போதாவது கேட்டிருக்கலாம். ஆனால் அரை உடம்பைத் துணியில்லாமல் வைத்துப் படுத்திருக்கும் ஒருத்தியால், தன்னைப் பிறக்கவைத்த கையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. மேஜைக்கு மேலே ஒரு டியூப் லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கான தெம்பு அந்த அறையில் நின்றிருந்தவர்களிடம்தான் இருந்தது.

நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை நானே எழுதிப் பார்த்தேன். சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, மேஜையில் ஏறுமுன், இப்படி:

“உனக்கு முப்பத்தொன்பது வாரம் ஆச்சும்மா. உள்ளே பாக்கும்போது வாய் இளகியிருந்தா, விரலால பனிக்குடத்தை லேசாப் பிரிச்சுவிடலாம். அதுக்கு ஸ்வீப்னு பேரு. செஞ்சா ரெண்டு மூணு நாள்ல தானா வலி வர வாய்ப்பு அதிகம், வராமலும் போகலாம். செய்யும்போது வலிக்கும், நிறுத்துன்னா நிறுத்திடுவேன். இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் ரத்தம் படும், விட்டுவிட்டு வலிக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். தீட்டு மாதிரி நிறையப் போனாலோ, தண்ணி உடைஞ்சாலோ, பிள்ளை அசைவு குறைஞ்சாலோ உடனே வந்துடணும். வேண்டாம்னா இன்னும் ஒரு வாரம் பாக்கலாம், அதுலயும் தப்பில்லை. செய்யட்டுமா?”

வாசித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் சிஸ்டர் ஒருமுறை சொன்னால் வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது. அட்டையில் எஸ் அண்டு எஸ் என்பதோடு, தமிழில் ‘பனிக்குடம் பிரித்துவிடப்பட்டது, தாயிடம் சொல்லி’ என்று ஒரு வரி எழுதினால் ராத்திரி டியூட்டியில் இருப்பவரும் உண்மையைச் சொல்லுவார்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு பெண்ணுக்குக்கூட ‘பிவி’ என்று பெயர் சொல்லி ஸ்வீப் செய்யாதீர்கள். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் இளம் டாக்டர்கள் நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். நீங்கள் கேட்டுவிட்டுச் செய்தால் அவர்களும் கேட்பார்கள். இதைப் படிக்கிற மற்ற டாக்டர்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். நிறைமாதத்தில் இருக்கும் பெண்களுக்கு ஒன்று: உள்ளே பார்க்கணும் என்று சொன்னால், “பாக்க மட்டுமா டாக்டர், வேற ஏதாவது செய்வீங்களா?” என்று மேஜையில் ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். ஏறிய பிறகு வாய் வராது.

என் சித்தியின் மூத்த மகளுக்கு, அட்டையைப் படித்துச் சொன்னவளின் அக்காவுக்கு, இப்போது முப்பத்தைந்தாவது வாரம். உங்களிடம்தான் காட்டுகிறாள். வேறு இடம் பார் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், எனக்கும் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. ஐப்பசியில் அவளுக்குத் தேதி. ரொம்பப் பயந்த சுபாவம். நீங்கள் கேட்டால் உடனே பதில் வராது. தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டு, வாசலில் நிற்கும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். கொஞ்சம் பொறுத்திருங்கள், சொல்லுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவள்